பங்குனி ஆமையும் தன்னார்வலரின் கணக்கேடும்

பொங்கல் கழிந்த கையோடு, தெரிந்தவர்களிடமிருந்தும் அவர்களுக்குத் தெரிந்தவர்களிடமிருந்தும் ஆண்டுதோறும் எனக்கு ஒரே கேள்வி வரத் தொடங்குகிறது: ஆமை பார்க்க எப்போது வரலாம்? சென்னைக் கடற்கரையில் இரவில் நடந்து கடலாமைக் கூடுகளைத் தேடும் பணியில் நான் தன்னார்வலனாக இருந்து வருவதால் என்னிடம் கேட்கிறார்கள். கேட்பதில் தவறில்லை, பார்க்கும் ஆசை இல்லாமல் இந்த வேலைக்கு வந்தவர் எவரையும் நான் சந்தித்ததில்லை. ஆனால் பார்ப்பதற்கும் பணி செய்வதற்கும் இடையில் கடக்க வேண்டிய தூரம் நிறைய இருக்கிறது என்பதையும், அந்தத் தூரத்தைக் கடந்த பிறகு ஒரு தன்னார்வலரால் உண்மையில் தரக்கூடியது என்ன, தர முடியாதது என்ன என்பதையும் ஒருமுறை விரிவாக எழுதிவிட்டால், இனி கேட்பவர்களுக்கு இதையே அனுப்பிவிடலாம் என்று தோன்றியது.

நம் நாட்டுக் கடற்பரப்பில் ஐந்து வகைக் கடலாமைகள் உண்டு: பங்குனி ஆமை என்றும் சிற்றாமை என்றும் மீனவர்கள் சொல்லும் ஆலிவ் ரிட்லி, பேராமை, அழுங்காமை, பெருந்தலை ஆமை, தோணியாமை. இவற்றில் சென்னைக் கரையில் வழக்கமாக முட்டையிட வருவது பங்குனி ஆமைதான். ஒடிசாவின் கஹிர்மாதாவிலும் ருஷிகுல்யாவிலும் ஆயிரக்கணக்கான ஆமைகள் ஒரே இரவில் கூட்டமாகக் கரையேறுகின்றன. இங்கே அப்படி நடப்பதில்லை. ஒன்று இங்கே, இன்னொன்று இரண்டு கிலோமீட்டர் தள்ளி, அடுத்த இரவு ஒன்றுமே இல்லை என்று தனித்தனியாக வருகின்றன. ஜனவரியில் தொடங்கி மார்ச் வரை வலுவாகவும் ஏப்ரலில் தேய்ந்தும் நடக்கும் இந்த வரவை அறிய வேண்டுமென்றால், கரை முழுவதையும் இரவுதோறும் யாராவது நடந்தாக வேண்டும். தன்னார்வலர் தேவைப்படுவதற்கு அடிப்படைக் காரணம் இதுவே. கூட்டமாக வரும் இடத்தில் சிலரை நிறுத்திக் காவல் காக்கலாம். சிதறி வரும் இடத்தில் கால்கள்தான் வேண்டும்.

இந்த நடை புதிதன்று. 1970களின் தொடக்கத்தில் சென்னைப் பாம்புப் பண்ணையைச் சேர்ந்த ரோமுலஸ் விட்டேக்கரும் சதீஷ் பாஸ்கரும் அவர்களுடைய நண்பர்களும் இந்தக் கரையில் இரவில் நடந்து கூடுகளைத் தேடினார்கள். அந்நாளில் முட்டைகள் உணவுக்காகத் தோண்டி எடுக்கப்படுவது சாதாரணமாக இருந்தது. 1988இல் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து கடலாமைப் பாதுகாப்புக்கான மாணவர் அமைப்பு ஒன்றைத் தொடங்கினார்கள்; நீலாங்கரையில் தொடங்கிப் பெசன்ட் நகர் வரை ஏறக்குறைய 7 கிலோமீட்டர் அவர்கள் நடக்கும் நடை இன்றுவரை தொடர்கிறது. 2002இல் தொடங்கப்பட்ட ட்ரீ அறக்கட்டளை வேறொரு வழியில் போனது: மீனவக் குப்பங்களின் இளைஞர்களையே பயிற்றுவித்துத் தங்கள் கரையைத் தாங்களே காக்கும்படி செய்தது. வனத்துறையும் தன் பங்குக்குக் கரையோரம் பொரிப்பகங்களை, அதாவது எடுத்து வந்த முட்டைகளை வேலிக்குள் மணலில் புதைத்துப் பொரிக்க வைக்கும் இடங்களை, நடத்துகிறது. இவ்வளவையும் சொல்வது வரலாற்றுக்காக மட்டுமல்ல. புதிதாக வருபவர் தானாக ஒரு குழுவைக் கட்டத் தேவையில்லை என்பதற்காகவும், கட்டக் கூடாது என்பதற்காகவும் சொல்கிறேன். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கடலாமை இருக்கிறது. எவ்வளவு நல்ல நோக்கம் இருந்தாலும், வனத்துறையின் அனுமதியில்லாமல் ஒரு கூட்டைத் தோண்டுவதும் முட்டையை எடுப்பதும் குற்றம். அனுமதி பெற்ற குழுவோடு நடப்பதே முறையான வழி; வேறு வழியில்லை.

நடை நள்ளிரவை ஒட்டித் தொடங்கி விடியும் முன்பு முடியும். அதில் பெரும்பகுதி எதுவும் நடக்காத நடை. அலை ஏறி நனைத்த ஈர மணலும் காய்ந்த மணலும் சேரும் கோட்டை ஒட்டி, விளக்கைப் பெரும்பாலும் அணைத்துவிட்டு, கண் இருட்டுக்குப் பழகும்வரை பேசாமல் நடக்க வேண்டும். தேடுவது ஆமையை அன்று, அதன் தடத்தை. கடலிலிருந்து மேட்டை நோக்கி ஏறும் ஒரு பட்டையும், சற்றுத் தள்ளித் திரும்பி இறங்கும் இன்னொரு பட்டையும் மணலில் தெரியும். துடுப்புகள் இடமும் வலமுமாக மாறி மாறி ஊன்றிய குறிகள் இரு ஓரங்களிலும் இருக்கும். மணல் எந்தப் பக்கம் தள்ளப்பட்டிருக்கிறது என்பதைக் கொண்டு ஏறிய தடம் எது, இறங்கிய தடம் எது என்று பிரித்தறியலாம். இரண்டும் ஒன்றையொன்று குறுக்கிட்டால், மேலே இருப்பதே திரும்பிய தடம். ஒரு பட்டை மட்டும் இருந்தால் ஆமை இன்னும் கரையில்தான் இருக்கிறது என்று பொருள். அப்போது அனைவரும் நின்ற இடத்திலேயே அமர்ந்துவிட வேண்டும். கரையேறிய ஆமை இடம் தேர்ந்து, பின் துடுப்புகளால் ஏறக்குறைய ஒன்றரை அடி ஆழத்துக்குக் குடம் போன்ற குழி தோண்டி, நூறை ஒட்டிய எண்ணிக்கையில் முட்டையிட்டு, மண் மூடித் தன் உடலை இருபுறமும் சாய்த்துச் சாய்த்து மணலைத் தட்டி இறுக்கிவிட்டுக் கடலுக்குத் திரும்ப ஒரு மணி நேரத்துக்குள்தான் ஆகும். குழி தோண்டும் கட்டத்தில் வெளிச்சமோ ஆளரவமோ பட்டால், முட்டையிடாமலே திரும்பிவிடும்.

அப்படி இடாமல் திரும்பிய தடங்களும் உண்டு. புதியவர்களுக்கு அவை ஏமாற்றமாக இருக்கும். ஆனால் குறிப்பேட்டில் அவற்றுக்கும் தனி வரிசை உண்டு.

தடம் முடிந்த இடத்தில் மணல் கலைந்து பரந்து கிடக்கும். ஆமை தன் கூட்டை மறைக்கவே அவ்வாறு மணலை வாரி இறைத்துவிட்டுப் போகிறது. அந்தப் பரப்புக்குள் கூட்டின் வாய் எங்கே என்று கண்டுபிடிப்பது பழக்கத்தால் வருவது. முனை மழுங்கிய மெல்லிய கோலை மணலில் மெதுவாக இறக்கிப் பார்ப்பார்கள். தோண்டி மூடிய இடத்தில் அது சட்டென்று இளகி இறங்கும். அளவுக்கு மீறி அழுத்தினால் முட்டை உடையும் என்பதால், முதல் பருவத்தில் வருபவர்களிடம் கோலைத் தருவதில்லை. அதற்காக வருந்தியவர்கள் சிலரை அறிவேன். ஆனால் ஒரு பருவம் முழுவதும் பிறர் கையைப் பார்த்துக்கொண்டிருப்பதே இங்கே பயிற்சி என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

கூடு கிடைத்தபின் கையால் மணலை அகற்றி, முட்டைகளை ஒன்றொன்றாக எண்ணிப் பையில் வைக்கிறார்கள். குழியின் ஆழமும் அடிப்பகுதியின் அகலமும் வாயின் அகலமும் அளக்கப்படுகின்றன. பொரிப்பகத்தில் அதே அளவில் மறுபடி ஒரு குழி தோண்ட வேண்டும் என்பதே காரணம். இங்கே நேரம் முக்கியம். முட்டையிட்ட சில மணி நேரத்தில் உள்ளிருக்கும் கரு ஓட்டின் மேற்புறச் சவ்வோடு ஒட்டிக்கொள்ளத் தொடங்குகிறது. அதன் பிறகு முட்டையைப் புரட்டினாலோ குலுக்கினாலோ கரு அறுபட்டு இறந்துவிடும். கோழி முட்டையை அடைக்கோழி புரட்டிப் புரட்டிவிடுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது முதலில் நம்ப முடியாததாக இருக்கும். எனவேதான் காலையில் நிதானமாக எடுத்துக்கொள்ளலாம் என்று எந்தக் கூட்டையும் விட்டுவைப்பதில்லை. அதிகாலைக்குள் முட்டைகள் புதிய குழிக்குள் போயிருக்க வேண்டும்.

ஆனால் எடுக்கத்தான் வேண்டுமா? இந்தக் கேள்வியைத் தன்னார்வலர்கள் அதிகம் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பது என் கருத்து. கூட்டை அது இருக்கும் இடத்திலேயே விட்டுக் காப்பதே முதல் தேர்வு, இடம் மாற்றுவது கடைசி வழி என்பது கடலாமை அறிவியலில் நீண்டகாலமாக ஏற்கப்பட்ட நிலைப்பாடு. இடம் மாற்றும்போது ஆமை தேர்ந்தெடுத்த ஈரப்பதமும் வெப்பமும் மாறுகின்றன. ஒரே வேலிக்குள் பல கூடுகளை வைக்கும்போது பூஞ்சையோ எறும்போ வந்தால் எல்லாவற்றையும் தாக்குகிறது. சென்னையில் எடுத்தே ஆக வேண்டியிருப்பதற்குக் காரணம், இந்தக் கரையை நாம் ஆக்கி வைத்திருக்கும் நிலை. தெருநாய்கள் கூட்டைத் தோண்டிவிடுகின்றன. தப்பிப் பொரிந்து வெளியேறும் குஞ்சுகள் கடலுக்குப் போகாமல் சாலை விளக்கை நோக்கிப் போகின்றன. ஆகவே பொரிப்பகத்தைச் சாதனையாக அன்று, தவிர்க்க முடியாமல் கட்டிய ஒரு முட்டுக்கொடுப்பாகவே பார்க்கப் பழகினேன். மக்கள் நடமாட்டமும் வெளிச்சமும் குறைந்த கரைகளில், கூட்டின் மேல் கம்பிவலை அமைத்து அங்கேயே பொரிக்க விடுவது முடியும்போதெல்லாம் அதுவே நல்லது.

பொரிப்பகத்தின் அன்றாட வேலை யாருடைய புகைப்படத்திலும் வராத வேலை. பருவம் தொடங்கும் முன் பழைய மணலை அகற்றிப் புது மணல் நிரப்ப வேண்டும், அல்லது இடத்தையே மாற்ற வேண்டும்; முந்தைய ஆண்டின் ஓடுகளும் கெட்ட முட்டைகளும் விட்டுச் சென்ற கிருமிகள் மணலில் தங்கிவிடும். கூட்டுக்கும் கூட்டுக்கும் போதிய இடைவெளி வேண்டும். ஒவ்வொன்றின் மேலும் நாளும் முட்டை எண்ணிக்கையும் எழுதிய அட்டை வேண்டும். வெப்பமானி பார்க்க வேண்டும். வெப்பத்தின் மீது இவ்வளவு கவனம் ஏன் என்றால், கடலாமைக்குப் பாலினத்தை முடிவு செய்வது குரோமோசோம் அன்று, மணலின் சூடு. ஏறக்குறைய 29 முதல் 30 டிகிரி செல்சியஸை ஒட்டிய நிலையில் ஆணும் பெண்ணும் கலந்து பிறக்கின்றன. அதற்கு மேலே போகப் போகப் பெண் குஞ்சுகள் கூடுகின்றன, கீழே போனால் ஆண் குஞ்சுகள் கூடுகின்றன. சூடு மிக அதிகமானால் கருவே இறக்கிறது. மார்ச் கடைசியில் வெயில் ஏறும்போது மேலே கீற்றுப் பந்தலோ நிழல்வலையோ போடுவதா வேண்டாமா என்பது அதனால் சாதாரண முடிவன்று. நிழல் போட்டால் ஒரு தலைமுறையின் ஆண் பெண் விகிதத்தில் நாம் கை வைக்கிறோம். போடாவிட்டால் முட்டைகள் வெந்துவிடலாம். அனுபவம் மிக்கவர்களே இதில் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தயக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது.

முட்டையிட்டு 45 முதல் 60 நாளில் குஞ்சுகள் மணலுக்குள்ளேயே ஓட்டைவிட்டு வெளிவந்து, ஒன்றாகத் திரண்டு மேலே ஏறுகின்றன. மேல் மணல் சூடாக இருக்கும் பகலில் அசையாமல் காத்திருந்து, மணல் குளிர்ந்த பின் இரவில் வெளிவருவது அவற்றின் இயல்பு. வெளிவந்த குஞ்சின் வயிற்றில் கொஞ்சம் கருவுணவு மிச்சம் இருக்கும். கரையிலிருந்து ஆழ்கடல் வரை முதல் சில நாள் நிற்காமல் நீந்துவதற்கு அதுவே முக்கியக் கையிருப்பு. தொட்டியிலோ கூடையிலோ அடைத்து வைத்தால் குஞ்சு சும்மா இருப்பதில்லை. சுவரில் மோதி மோதி அந்தச் சக்தியை வீணாக்குகிறது. ஆகவே வெளிவந்த குஞ்சுகளைச் சிறிது நேரத்திலேயே, கடலுக்குச் சில மீட்டர் முன்னால் மணலில் விட்டு, தாமே நடந்து போகச் செய்ய வேண்டும்.

இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். இருந்தும், பிரமுகர் வருவார், பள்ளிக் குழந்தைகள் வருவார்கள், படம் எடுக்க வெளிச்சம் வேண்டும் என்பதற்காகக் குஞ்சுகளை மணிக்கணக்கில் வைத்திருந்து வசதியான நேரத்தில் விடும் வழக்கம் பல கரைகளில் இருக்கிறது. குழந்தைகள் பார்க்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஒரு குஞ்சு அலையைத் தொடுவதைப் பார்த்த பிள்ளை எளிதில் மறக்காது. ஆனால் பார்ப்பவர்கள்தான் குஞ்சுகளின் நேரத்துக்கு வர வேண்டும். மாலையில் வந்து, குஞ்சு வெளிவராவிட்டால் ஏமாற்றத்தோடு திரும்பத் தயாராக இருப்பவரை மட்டும் அழைப்போம் என்று ஒரு குழு முடிவு செய்தால், அதைவிட நல்ல பாடத்தை அந்தப் பிள்ளைகளுக்கு வேறெதுவும் தராது. ஒளிவீச்சு விளக்கோடு படம் எடுப்பதையும் கையில் ஏந்தித் தற்படம் எடுப்பதையும் பற்றி இங்கே நான் விளக்கத் தேவையில்லை.

இனி கணக்கேடு. தன்னார்வலரின் பங்களிப்பில் மிகவும் நிலைத்து நிற்பது எது என்று என்னைக் கேட்டால், சுமந்து வந்த முட்டைகளைச் சொல்ல மாட்டேன். எழுதி வைத்த வரிகளைத்தான் சொல்வேன். நாள், நடை தொடங்கிய நேரம், முடிந்த நேரம், தொடக்க இடம், முடிந்த இடம், கூடு இருந்த இடத்தின் ஆயத்தொலைவுகள், அலைக்கோட்டிலிருந்து தூரம், முட்டைகளின் எண்ணிக்கை, உடைந்தவை, குழியின் அளவுகள், இட்ட முட்டைகளில் பொரிந்தவை, பொரியாதவை. இதில் புதியவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது, ஒன்றும் கிடைக்காத இரவுகளை. ஒன்றுமே இல்லையே, எதை எழுதுவது என்று கேட்பார்கள். ஆனால் ஒரு பருவத்தில் எத்தனை கூடுகள் கிடைத்தன என்ற எண், எத்தனை இரவுகள் எவ்வளவு தூரம் நடந்து தேடினோம் என்ற எண் இல்லாவிட்டால் பொருளற்றது. சென்ற ஆண்டைவிட இந்த ஆண்டு கூடுகள் அதிகம் என்று செய்தி வரும்போது, ஆமைகள் அதிகம் வந்தனவா, ஆட்கள் அதிகம் நடந்தார்களா என்பதைப் பிரித்துச் சொல்ல அந்த வெற்று வரிகள் மட்டுமே உதவும். கடலாமை இனப்பெருக்க வயதை எட்டப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆகிறது. இன்று கடலில் விட்ட குஞ்சு பெண்ணாகிக் கரையேறும் காலத்தில் இன்று நடக்கும் தன்னார்வலர்களில் எத்தனை பேர் இந்த ஊரில் இருப்பார்கள் என்று சொல்ல முடியாது. இடைப்பட்ட காலத்தை இணைப்பது குறிப்பேடு மட்டுமே.

இதையொட்டி இன்னொன்று. ஆயிரம் குஞ்சுகளில் ஒன்றுதான் பெரிய ஆமையாகிறது என்று ஏறக்குறைய எல்லாப் பேச்சுகளிலும் சொல்லப்படுகிறது. அது தோராயமான ஒரு மதிப்பீடு. ஒரு குஞ்சைப் பின்தொடர்ந்து எண்ணிப் பார்த்துச் சொன்ன கணக்கன்று. ஆனால் அந்த எண் எவ்வளவாக இருந்தாலும், அதிலிருந்து வரும் முடிவு ஒன்றுதான்: கடலில் இறக்கும் ஒரு வளர்ந்த பெண் ஆமையின் இழப்பை, நாம் பொரிக்க வைக்கும் பல நூறு முட்டைகளாலும் ஈடுகட்ட முடியாமல் போகலாம். தன்னார்வலர்கள் மனம் வருந்தி எதிர்கொள்ள வேண்டிய உண்மை இது.

ஏனெனில் அதே நடையில், கூடுகளைவிட அதிகமாக இறந்த ஆமைகளைக் காணும் இரவுகள் உண்டு. 2025 ஜனவரியில் சென்னையிலும் அதை ஒட்டிய மாவட்டங்களின் கரைகளிலும் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கியதும், தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து அதை விசாரணைக்கு எடுத்ததும் செய்திகளில் வந்தன. ஆமை நுரையீரலால் மூச்சுவிடும் உயிர். அவ்வப்போது நீர்ப்பரப்புக்கு வந்தாக வேண்டும். விசைப்படகுகள் இழுத்துச் செல்லும் பை போன்ற வலையான இழுவை மடியில் சிக்கி நீண்டநேரம் மேலே வர முடியாமல் போனால் மூழ்கி இறக்கிறது. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது என்று தமிழ்நாட்டின் கடல் மீன்பிடி விதிகள் சொல்கின்றன. பங்குனி ஆமைகள் இணை சேரவும் முட்டையிடவும் திரள்வதும் கரையை ஒட்டிய அதே நீரில்தான். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் மீன்வளத்தை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்டது. ஆமைகள் அதிகம் வரும் பிப்ரவரி, மார்ச் மாதங்கள் அதற்குள் அடங்கவில்லை. மடியின் நடுவே கம்பித் தடுப்பு வைத்து, மீனும் இறாலும் பின்னே போக, ஆமை மட்டும் மேலேயோ கீழேயோ வெளியேறும்படி செய்யும் விலக்குக் கருவி பல ஆண்டுகளாக இருக்கிறது. பிடி குறைகிறது என்ற குறை அதன் மீது இருப்பதால் அது பரவலாகப் பொருத்தப்படவில்லை.

மீனவர்களைக் குற்றவாளிகளாகப் பார்க்கும் பழக்கம் தன்னார்வலர்களிடம், அதிலும் நகரத்திலிருந்து வருபவர்களிடம், எளிதில் வந்துவிடுகிறது. அதை நான் ஏற்பதில்லை. குப்பங்களிலிருந்து நாட்டுப்படகில் போகிறவர்களுக்கும் அதே கரையோர இழுவை மடிதான் பகை. அவர்களுடைய வலைகளையும் அது அறுத்துக்கொண்டு போகிறது. 5 மைல் விதி நடைமுறைக்கு வர வேண்டும் என்று ஆமைக்காரர்களைவிட முன்பிருந்தே கேட்டு வருபவர்கள் அவர்கள். இரவு இரண்டு மணிக்குப் படகைத் தள்ளிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், முட்டையை இவ்வளவு பத்திரமாகத் தூக்கிப் போகும் நாங்கள் கடலில் நடப்பதைப் பற்றி எப்போது எழுதிக் கொடுக்கப் போகிறோம் என்று கேட்டார். எங்களிடம் அதற்குத் தயாரான பதில் இல்லை. இறந்த ஆமைகளுக்கும் தனி ஏடு முறையாக இருக்க வேண்டும் என்பதை அதன் பிறகே நான் அழுத்திச் சொல்லத் தொடங்கினேன்: இடம், நாள், ஓட்டின் வளைவு நீளம், வால் நீண்டு ஓட்டுக்கு வெளியே தெரிந்தால் வளர்ந்த ஆண் என்ற குறிப்பு, உடலின் நிலை, வலைத்துண்டு இருக்கிறதா என்பது. மறுநாள் வேறொருவர் அதையே மீண்டும் எண்ணாமலிருக்க ஓட்டில் வண்ணத்தால் ஒரு குறி. நாற்றமும் அருவருப்பும் மிகுந்த வேலை. ஆனால் அதிகாரிகள் முன்னாலும் தீர்ப்பாயத்தின் முன்னாலும் எடுத்துவைக்கத்தக்கது இந்த ஏடுதான். முட்டைக் கணக்கு அங்கே பெரிதாக உதவுவதில்லை.

வெளிச்சம் இன்னொரு முக்கிய விஷயம். குஞ்சுகள் கீழ்வானத்தில் எந்தப் பக்கம் வெளுப்பாக இருக்கிறதோ அந்தப் பக்கம் நகரும். இயற்கையான கரையில் அது கடல்தான். கடற்கரைச் சாலையில் உயர்கம்ப விளக்கு எரியும்போது அது கடலாக இருப்பதில்லை. முட்டையிடும் பருவத்தில் இரவு குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு கடலைப் பார்த்த விளக்குகளை அணைப்பது, முடியாத இடத்தில் விளக்குக்கு மறைப்பு வைத்து ஒளியைத் தரையோடு நிறுத்துவது, வெள்ளை ஒளிக்குப் பதில் சிவப்பை ஒட்டிய ஒளியைப் பயன்படுத்துவது ஆகியவை செலவு அதிகமில்லாத தீர்வுகள். கடலாமையின் கண்ணுக்கு நீண்ட அலைநீளம் கொண்ட சிவப்பு ஒளி குறைவாகவே உறுத்துவதால்தான் நடையிலும் சிவப்புத்தாள் ஒட்டிய விளக்கையே பயன்படுத்துகிறோம். கரையை ஒட்டிய வீட்டு மாடிகளும் உணவகங்களும் மாநகராட்சி விளக்குகளும் என்று மூன்று தரப்பிடமும் பேச வேண்டியிருக்கிறது. பகலில், சுத்தமான சட்டையோடு, மனு எழுதிக்கொண்டு போகும் அந்த வேலைக்கு ஆள் கிடைப்பதே இல்லை. நள்ளிரவு நடைக்குப் பெயர் கொடுப்பவர்களில் பத்தில் ஒருவர் இதற்கு வந்தாலும் கரையின் பல நீளங்கள் இருண்டிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

கரையே இல்லாமல் போகும் இடங்களும் உண்டு. துறைமுகத் தடுப்புச் சுவர்கள் கரையோரம் வடக்கு நோக்கி நகரும் மணலை மறிப்பதால், சென்னைத் துறைமுகத்துக்குத் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே இராயபுரம் பக்கம் கடல் அரித்தது. அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கற்சுவரிலும், கடலுக்குள் கல்லால் நீட்டிக் கட்டிய தூண்டில் வளைவுகளிலும் ஆமை ஏற முடியாது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் பாதுகாப்பு அரண் என்ற நல்ல எண்ணத்தோடு கடற்கரை நெடுகச் சவுக்கு நடப்பட்டதில், அலைக்கோடு வரை வந்த தோப்புகள் ஆமைக்கு வேண்டிய திறந்த மணலை மறைத்துக்கொண்டன. இவற்றைத் தன்னார்வலரால் நிறுத்த முடியாது. ஆனால் எந்த நீளத்தில் எத்தனை கூடுகள் இருந்தன என்ற பல ஆண்டுக் கணக்கு கையில் இருந்தால், புதிய சுவர் எழும் முன் நடக்கும் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் எழுந்து பேச ஓர் ஆதாரம் இருக்கும்.

வர விரும்புபவர்களுக்குச் சில நடைமுறை வார்த்தைகள். வெள்ளி, சனி இரவுகளுக்கு ஆட்கள் குவிகிறார்கள். திங்கள் முதல் வியாழன் வரை நடப்பவர்கள் கைவிரல்களுக்குள் அடங்குவர். ஆமைக்கு வார இறுதி கிடையாது. எனவே வாரத்தில் ஒரு நாள் என்றாலும், அது செவ்வாயாகவோ புதனாகவோ இருந்து, அதைப் பருவம் முடியும்வரை விடாமல் காப்பாற்ற முடியுமானால், அதுவே ஒரு குழுவுக்குக் கிடைக்கும் பெரிய உதவி. தளர்வான அடர்நிறச் சட்டை, தண்ணீர், மணலில் நடந்து பழகிய கால் ஆகியவை போதும். பாதங்களைக் கண்ணாடிச் சில்லிலிருந்து காக்கப் பலர் செருப்போடு நடப்பார்கள். வாசனைத் திரவியம், ஒலிக்கும் கைபேசி, பெருஞ்சிரிப்பு ஆகியவற்றை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். பெண்கள் தனியாக வரத் தயங்குவது இயல்பு. நன்கு நடத்தப்படும் குழுக்களில் பொறுப்பாளர் இல்லாமல் நடை தொடங்குவதில்லை, யாரையும் இடைவழியில் விட்டுச் செல்வதில்லை. இதைச் சேரும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை. நடை இரவில் ஒரு கூடும் காணாமல் திரும்பினால் சலித்துக்கொள்ளாதீர்கள் என்று கேட்க மாட்டேன், சலிப்பு வரும். சலிப்போடு குறிப்பேட்டில் பூச்சியத்தை எழுதிவிட்டுப் போங்கள்.

மே மாதம் கடைசிக் கூடுகளும் பொரிந்து, பொரியாத முட்டைகளைத் தோண்டி எடுத்து, எந்தக் கட்டத்தில் கரு நின்றுபோனது என்று பிரித்து எழுதியதும் பொரிப்பக வேலியைக் கழற்றிவிடுகிறோம். பெரும்பாலான தன்னார்வலர்களுக்கு அத்துடன் ஆண்டு முடிந்துவிடுகிறது. ஆனால் ஈரத்தில் ஊறிய குறிப்பேடுகளைக் கணினியில் ஏற்றுவது, சென்ற ஆண்டோடு ஒப்பிட்டு முரண்களைத் தேடுவது, எந்தத் தெருவின் எந்த விளக்கு கடலைப் பார்க்கிறது என்று நடந்து வரைபடம் போடுவது, அடுத்த பருவத்துக்குள் அவற்றுக்கு மறைப்பு கேட்டு மனு கொடுப்பது, குப்பத்துப் பள்ளிகளிலும் நகரத்துப் பள்ளிகளிலும் பேசுவது எல்லாம் ஜூன் முதல் நவம்பர் வரை செய்ய வேண்டியவை. இரவில் வர முடியாதவர்கள், நெடுந்தூரம் நடக்க முடியாதவர்கள், வீட்டில் பொறுப்புகள் உள்ளவர்கள் என்று இதுவரை தங்களால் முடியாது என ஒதுங்கி நின்றவர்களுக்கு இந்த மாதங்களே பொருத்தமானவை. ஆமை பார்க்க எப்போது வரலாம் என்று கேட்பவர்களுக்கு, ஜூனில் வாருங்கள், விரிதாளில் முந்நூறு வரிகள் காத்திருக்கின்றன என்று நான் எழுதுவது அதனால்தான். சிலர் அதற்குப் பிறகு பதில் எழுதுவதில்லை. எழுதுகிற சிலர் ஜனவரியில் செவ்வாய்க்கிழமை நடைக்கும் வந்துவிடுகிறார்கள்.